ரெண்டு முடிக் கனம்

அவளுக்கு அந்தப் பேர் வந்ததே ஒரு கூத்து. வார்ப்புத் தொழிற்சாலையில் சேர்ந்த முதல் நாள் பக்கத்து மேசைக்காரர்கள், "இதுக்கு முன்னாடி எங்கே வேலை பார்த்தீங்க?" என்று கேட்டார்கள். "பல் கட்டற இடத்துல" என்று சொன்னாள். அவ்வளவுதான், சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் பல்லக்கா ஆகிவிட்டாள். அதற்கப்புறம் பதின்மூன்று வருஷம் ஓடிவிட்டது. அடையாள அட்டையில் மட்டும்தான் அவளுக்கு வேறு பேர். புதிதாகச் சேருகிறவர்கள் சிலர் அதைப் பல்லக்கு என்று காதில் வாங்கிக்கொண்டு விழிப்பார்கள். "அதுவும் நல்லதுதான், நாலு பேர் சேர்ந்து தூக்கிட்டுப் போங்க" என்பாள்.

பல் கட்டற இடம் என்றால் டென்டல் லேப். ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே, ஜன்னலோரமாக ஏழு ஸ்டூல் போட்ட நீள அறை. இருபது வயதில் அங்கே போய் உட்கார்ந்தவள் பதினொரு வருஷம் எழுந்திருக்கவில்லை. டைட்டானியத்தில் வார்த்த பல்லுறைகளைத் தேய்த்து வழவழப்பாக்குவது அவள் வேலை. பென்சில் மாதிரி பிடித்துக்கொள்கிற ஒரு மோட்டார், அதன் நுனியில் பர் என்று சொல்லும் அரிசி அளவுச் சுழல் அரம். வார்த்த டைட்டானியத்தின் மேல்தோல் இருக்கிறதே, அதைப் போல வீம்பு பிடித்த பொருளை எங்கேயும் பார்க்க முடியாது. பர் அதன்மேல் பட்டதும் கீச்சென்று கத்தும், வெள்ளை வெளேரென்று பொறி பறக்கும், ரெண்டே நிமிஷத்தில் பர் மழுங்கிப்போகும். அந்தத் தோலைத் தாண்டிவிட்டால் உள்ளே இருக்கிற உலோகம் சொன்ன பேச்சைக் கேட்கும். சத்தமும் தணிந்து ஈ பறக்கிற மாதிரி ஆகிவிடும். தோல் எங்கே முடிந்தது, உலோகம் எங்கே ஆரம்பித்தது என்பதை அவள் கண்ணை மூடிக்கொண்டு விரலாலேயே சொல்வாள்.

லேப் வேறு ஊருக்கு மாறியபோது அவள் கூடப் போகவில்லை. அவள் வீட்டுக்காரருக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை இங்கே. "எங்க ஃபேக்டரியிலயும் டைட்டானியம்தான் அண்ணி, வாங்களேன்" என்று அவளை இழுத்துக்கொண்டு போய்ச் சேர்த்துவிட்டவள் நாத்தனார், அதாவது வீட்டுக்காரரின் தங்கை. அவள் அங்கே மெழுகு அறையில் இருந்தாள்.

பொருள்கள் முதலில் மெழுகில்தான் பிறக்கும். ஒரு மெழுகுத் தண்டைச் சுற்றி ஆறு மெழுகுப் பொருள்களை ஒட்டுவார்கள்; அதற்கு மரம் என்று பேர். அந்த மரத்தைப் பீங்கான் குழம்பில் திரும்பத் திரும்ப முக்கிக் காயவைத்து, மெழுகை உருக்கி வெளியேற்றினால் உள்ளே வெற்றிடத்தோடு ஒரு ஓடு கிடைக்கும். அந்த ஓட்டைச் சுட்டு, அதில்தான் உருகிய டைட்டானியத்தை ஊற்றுவார்கள். காற்றே இல்லாத அறைக்குள் வைத்துத்தான் ஊற்றுவார்கள். ஏனென்றால் உருகின டைட்டானியத்துக்கு ஆக்ஸிஜன் என்றால் அப்படி ஒரு பசி. காற்றில் கிடைக்கவில்லை என்றால் சுற்றியிருக்கிற ஓட்டிலிருந்தே பிடுங்கித் தின்னும். அப்படித் தின்ற மேல்பரப்புதான் கெட்டித் தோலாக மாறுகிறது. கெட்டி என்றால் பலம் இல்லை, கண்ணாடி மாதிரி கெட்டி. வளைத்தால் முதலில் அதுதான் விரியும். விரிந்தால் அந்த விரிசல் உள்ளே இருக்கிற நல்ல உலோகத்தையும் கூட்டிக்கொண்டு போகும். பொறியாளர்கள் அதை ஆல்ஃபா கேஸ் என்று சொல்வதைப் பல்லக்கா அங்கேதான் முதன்முதலாகக் கேட்டாள். "பதினொரு வருஷமா நான் மல்லுக்கட்டின ஆளுக்கு இப்படி ஒரு ஸ்டைலான பேரா!" என்று வாய்விட்டுச் சிரித்தாள்.

இங்கே அந்தத் தோலை யாரும் கையால் தேய்ப்பதில்லை. அமிலத் தொட்டியில் முக்கிக் கரைத்துவிடுவார்கள். எவ்வளவு கரைக்க வேண்டும் என்று சொல்வதற்குத்தான் பல்லக்காவின் சின்ன அறை. ஒவ்வொரு மரத்தோடும் விரல் நீளத்தில் ஒரு சோதனைக் குச்சியும் சேர்ந்து வார்க்கப்பட்டு வரும். அவள் அதைக் குறுக்கே வெட்டி, கறுப்புப் பிசினுக்குள் பதித்து, சொரசொரப்பான தாளில் தொடங்கி முகம் தெரிகிற அளவுக்குப் பாலிஷ் போட்டு, ஒரு சொட்டு அமிலத்தால் துடைத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பாள். உள்ளே உலோகம் பாய் முடைந்தது போலக் கோடுகோடாகத் தெரியும். ஓரத்தில் மட்டும் கோடே இல்லாத வெள்ளைப் பட்டை ஒன்று ஓடும். அதுதான் தோல். அதன் கனத்தை அளந்து எழுதித் தருவாள். காகிதத்தில் மைக்ரான் என்று எழுதினாலும் பேச்சில் எல்லோருக்கும் முடிக் கணக்குதான். "ரெண்டு முடி", "மூணு முடி" என்றால் அத்தனை தலைமுடியை அடுக்கின கனம்.

அந்த வருஷம் ஒரு புது வேலை வந்தது. மீட்பு ஹெலிகாப்டரிலிருந்து கயிற்றை இறக்கி வெள்ளத்தில் மாட்டிக்கொண்டவர்களைத் தூக்குகிறார்களே, அந்தக் கயிறு ஓடுகிற கப்பியைப் பிடித்துக்கொள்ளும் கை. முழங்கை நீளம். ஒரு பக்கம் மெல்லிசாக ரெண்டு காது, மறுபக்கம் கை முஷ்டி அளவுக்குத் தடித்த முண்டு. ஏழு மரம், நாற்பத்திரண்டு கை. எல்லாம் அமிலத் தொட்டியில் முங்கி எழுந்த பிறகு, எக்ஸ்ரேயில் ஒன்றில் மட்டும் காதோரம் பொத்தல் தெரிந்ததால் அதைக் கழித்துவிட்டார்கள். மீதி நாற்பத்தொன்றும் பெட்டிக்குள் போகத் தயாராக அலமாரியில் வரிசையாகப் படுத்திருந்தன. வாங்குகிற கம்பெனியின் ஆய்வாளர் வெள்ளிக்கிழமை வருவதாக ஏற்பாடு.

செவ்வாய்க்கிழமை காலை, பல்லக்கா கழித்துப் போட்ட அந்தக் கையில் அடையாள எண்ணைச் செதுக்குவதற்காக அதை எடுத்து வைத்துக்கொண்டாள். கழிவு என்றாலும் எண் போட்டுத்தான் உருக்க அனுப்ப வேண்டும். தடித்த முண்டில் இடம் நிறைய இருக்கிறதே என்று அங்கே பர்ரை வைத்தாள்.

பர் கத்தியது.

அவள் பர்ரை விலக்கினாள். மறுபடி வைத்தாள். கீச். வெள்ளைப் பொறி. மெல்லிசான காதுப் பக்கம் வைத்துப் பார்த்தாள். ஈ பறக்கிற சத்தம். திரும்ப முண்டில், கீச். அமிலத்தில் முக்கித் தோலை எடுத்தாகிவிட்ட பொருள் இது. இதில் கத்துவதற்கு என்ன இருக்கிறது?

பர்ரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். புத்தம் புதுசு, அதற்குள் மழுங்கியிருந்தது.

தரக்கட்டுப்பாட்டு மேனேஜர் அறைக்கு அவள் நடந்தாளா ஓடினாளா என்று அவளுக்கே தெரியாது. மேனேஜர் அவளைவிடப் பத்து வயது சின்னவர், எதையும் ரெண்டு தடவை படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிற ஆள். கோபம் வராது, அவசரமும் வராது.

"சார், முண்டுல இன்னும் தோல் இருக்கு."

"எந்த முண்டு?"

"ஹெலிகாப்டர் கையில சார். கழிச்ச பீஸ்ல பர் வச்சேன், கத்துது."

அவர் கோப்பைத் திறந்து அவள் முன்னால் திருப்பி வைத்தார். "நீங்க எழுதிக் கொடுத்ததுதான் அக்கா. ஏழு குச்சியிலயும் தோல் மூணு முடிக்கு மேல இல்ல. நாம நாலு முடி கரைச்சிருக்கோம். ஒரு முடி உபரியாவே எடுத்தாச்சு."

"குச்சி சரிதான் சார். கைதான் சரியில்ல."

"சத்தத்தை வச்சு எப்படி அக்கா சொல்றது?"

அது நியாயமான கேள்விதான். "அப்போ வெட்டிப் பார்த்துடறேன். கழிச்ச பீஸ்தானே?" என்றாள்.

அவர் கொஞ்சம் யோசித்தார். "வெட்டுங்க. ஆனா நல்லா இருக்கறதைத் தொட்டுடாதீங்க."

முஷ்டி அளவு டைட்டானியத்தை வெட்டுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே வட்டக்கல் அங்குலம் அங்குலமாக உள்ளே போக வேண்டும். அவசரப்பட்டால் சூடேறி, மைக்ராஸ்கோப்பில் தெரிய வேண்டிய காட்சியே மாறிவிடும். பல்லக்காவுக்கோ கை பரபரத்தது. சாப்பாட்டு மணி அடித்தது, அது அவள் காதிலேயே விழவில்லை. முண்டின் உள்வளைவிலிருந்து ஒரு துண்டும் காதிலிருந்து ஒரு துண்டும் எடுத்துப் பிசினில் பதித்தாள். தாள் மாற்றி மாற்றித் தேய்த்தாள். கையுறை மாட்டி, புகை இழுக்கும் கூண்டுக்கு அடியில் பஞ்சால் அமிலம் தொட்டு, மனசுக்குள் பத்து எண்ணிக் கழுவினாள். மைக்ராஸ்கோப்பின் வாயில் கண்ணை வைத்தாள்.

முதலில் காது. ஓரம் வரைக்கும் பாய் முடைச்சல், சுத்தம். அடுத்தது முண்டு.

"அடேயப்பா!" என்று அவள் போட்ட சத்தத்தில் வாசலில் போய்க்கொண்டிருந்த அமிலத் தொட்டிக்காரர் எட்டிப் பார்த்தார். முகக்கவசத்தை நெற்றியில் தூக்கிவிட்டுக்கொண்டு, முழங்கை வரைக்கும் ரப்பர் உறையோடு நடக்கிற அவரை எல்லோரும் ஆசிட் அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள்.

"என்னம்மா, பாம்பு கீம்பு வந்துடுச்சா?"

"அண்ணே, வந்து பாருங்க, வந்து பாருங்க! இதோ இருக்கு, உட்கார்ந்திருக்கு பாருங்க மகராசி!"

அவர் குனிந்து பார்த்தார். ஓரத்தில் வெள்ளைப் பட்டை, ரெண்டு முடிக் கனம். அதற்குள்ளே ஊசியால் கீறினது போலக் குறுக்கே ரெண்டு மூன்று நுண்ணிய விரிசல்.

"நான் முழு நேரம் வச்சுத்தான் எடுத்தேன். கடிகாரத்தைப் பார்த்துட்டே நின்னேன்" என்றார் அவர், குரல் இறங்கிப்போய்.

"உங்களை யாருண்ணே சொன்னது? நீங்க நாலு முடி எடுத்திருக்கீங்க. இங்கே ஆறு முடி இருந்திருக்கு."

கண்ணால் பார்த்தது போதாது என்று கெட்டிமானியையும் இழுத்தாள். அதில் ஒரு சின்ன வைரமுனை உலோகத்தைக் குத்திக் குழி போடும். குழி சின்னதாக விழுந்தால் இடம் கெட்டி. விளிம்பிலிருந்து உள்ளே போகப் போக வரிசையாகக் குத்தினாள். முதல் குழி கடுகைவிடப் பொடிசு. அடுத்தது கொஞ்சம் பெரிசு. ஐந்தாவதிலிருந்து எல்லாம் ஒரே அளவு. அந்த வரிசையைப் பார்க்கப் பார்க்க அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கெட்ட செய்திதான், இல்லை என்று யார் சொன்னது? ஆனால் விரல் சொன்னதைக் கண் பார்த்து, கண் பார்த்ததை எந்திரம் அளந்துவிட்டதே!

மேனேஜர் வந்து நெடுநேரம் பார்த்தார். நிமிர்ந்தபோது முகம் வெளுத்திருந்தது. "விரிசல் வேற இருக்கு."

"ஆமா சார்."

"இது ஒண்ணு மட்டுமா, எல்லாமே இப்படியா?"

"தெரியல சார்."

"குச்சி ஏன் நல்லா இருக்குன்னு காட்டுச்சு?"

"அதுவும் தெரியல."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாப்பத்தொண்ணையும் நான் நிறுத்தி வைக்கறேன். ஆனா ஆய்வாளர்கிட்ட வெறுமனே 'சந்தேகமா இருக்கு'ன்னு சொல்ல முடியாது. காரணம் வேணும். கண்டுபிடிங்க அக்கா."

காரணம் மெழுகு அறையில் இருக்க வேண்டும் என்று அவளுக்கு அப்போதே தோன்றிவிட்டது. குச்சியை மரத்தில் ஒட்டுகிறவள் நாத்தனார். பீங்கான் ஓட்டைத் தூக்கி வண்டியில் வைத்துச் சூளைக்குத் தள்ளிக்கொண்டு போகிறவளும் அவள்தான். சங்கடம் என்னவென்றால், ரெண்டு பேருக்கும் மூன்று வாரமாகப் பேச்சுவார்த்தை கிடையாது.

சொந்தக்காரர் எல்லாரும் கூடியிருந்த ஒரு நாள் நாத்தனார், "எங்க அண்ணி உப்பைக்கூட மைக்ராஸ்கோப்ல பார்த்துத்தான் போடுவாங்க, அதான் சாப்பாட்டுல இருக்கறதே தெரியல" என்று ஒரு போடு போட்டாள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பல்லக்காவும் சிரித்தாள், வீட்டுக்கு வந்து அழுதாள். மறுநாள் தொழிற்சாலை வாசலில் நாத்தனாரைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போனாள். அதிலிருந்து இப்படி.

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டில் அவள் கால் தரையில் பாவவில்லை. மேசைமேல் கரண்டியை நிறுத்தி முண்டு என்றாள், முள்கரண்டியைக் காது என்றாள், வீட்டுக்காரருக்குச் சொல்லிச் சொல்லி மாளவில்லை. அவர் லிஃப்ட்காரர், கயிறும் கொக்கியும் அவர் வாழ்க்கை. "ஆளு தொங்கற பொருளா?" என்று ஒரே கேள்விதான் கேட்டார். ஆமாம் என்றதும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

"ஏங்க, உங்க தங்கச்சிகிட்ட நீங்களே கேட்டுச் சொல்லுங்களேன், குச்சியை எங்கே ஒட்டறான்னு."

"உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் தபால்காரன் இல்ல. ஆளு தொங்கற விஷயம். போய் நேர்ல கேளு."

புதன்கிழமை காலை ஷிஃப்ட் தொடங்கும்போதே பல்லக்கா மெழுகு அறை வாசலில் நின்றாள். அங்கே எப்போதும் ஒரே குளிர், ஒரே மெழுகு வாசனை. பச்சை மெழுகில் அடுத்த வேலைக்கான மரங்கள் கம்பியில் தொங்கின. நாத்தனார் சூட்டுக்கத்தியால் ஒரு மரத்துக்குக் கிளை ஒட்டிக்கொண்டிருந்தாள். அண்ணியைப் பார்த்ததும் கத்தி அந்தரத்தில் நின்றது.

"உப்பு விஷயமா வந்தீங்களா?" என்றாள், விறைப்பாக.

"உப்பு கிடக்குது விடு. ஹெலிகாப்டர் கை மரத்துல சோதனைக் குச்சியை எங்கே ஒட்டினே?"

நாத்தனார் ஏதோ சண்டை வரும் என்று எதிர்பார்த்தவள், இந்தக் கேள்வியில் குழம்பிப்போனாள். "வழக்கமா ஒட்டற இடத்துலதான். மேலே, ஓரமா. அங்கேதான் இடைஞ்சல் இல்லாம இருக்கும்."

"ஓரமான்னா வெளிப்பக்கமா?"

"ஆமா. கடைசிக் கிளை மாதிரி நீட்டிட்டு இருக்கும். ஏன் அண்ணி, என்னாச்சு?"

பல்லக்கா பொத்தென்று ஸ்டூலில் உட்கார்ந்தாள். விரல் கனம்தான் இருக்கிறது குச்சி. அதுவும் வெளி ஓரத்தில். ஊற்றின உடனே ஆறிப்போகும். முண்டோ முஷ்டிக் கனம், மரத்தின் நடுத்தண்டைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறது, அக்கம்பக்கமெல்லாம் சூடு. அது கடைசி வரைக்கும் கொதித்துக்கொண்டே ஓட்டைத் தின்றுகொண்டிருந்திருக்கும்! சீக்கிரம் பந்தியை விட்டு எழுந்தவனைப் பார்த்து, கடைசி வரை உட்கார்ந்திருந்தவன் எவ்வளவு தின்றான் என்று இத்தனை நாளாகக் கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

அவள் சொல்லி முடிப்பதற்குள் நாத்தனாரின் கண் விரிந்தது. "அண்ணி, இருங்க இருங்க. இன்னொண்ணு இருக்கு. நாலாவது மரத்துல காது நிரம்பாமப் போகப் பார்த்து மயிரிழையில தப்பிச்சுது. மெல்லிசா இருக்குல்ல, உலோகம் போய்ச் சேர்றதுக்குள்ள உறைஞ்சுடுது. அதனால சூளைக்காரங்க அஞ்சாவதுல இருந்து பீங்கான் ஓட்டை இன்னும் நல்லாச் சூடேத்தித்தான் ஊத்தினாங்க. ஓட்டை உடைக்கும்போது நான் பார்த்தேன், அந்த மூணு மரத்துலயும் முண்டுல மட்டும் ஓடு சுண்ணாம்பு மாதிரி ஒட்டிக்கிட்டு வரவே இல்ல. மணல் அடிச்சுத்தான் எடுத்தாங்க."

"அஞ்சு, ஆறு, ஏழு?"

"அஞ்சு, ஆறு, ஏழு!"

"கழிச்ச கை எந்த மரம்?"

நாத்தனார் ஓடிப்போய் நோட்டைப் புரட்டினாள். "ஆறு!"

ரெண்டு பேரும் ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டு நின்றார்கள். மூன்று வார விறைப்பு எங்கே போனது என்று ரெண்டு பேருமே கவனிக்கவில்லை.

இனி மற்ற நாற்பத்தொன்றையும் வெட்டாமல் பார்க்க வேண்டும். அதற்கு வழி சொன்னவர் ஆசிட் அண்ணன். "என்கிட்ட ஒரு லேசான கழுவல் இருக்கு. பொருள் கரையாது, சும்மா நிறம் காட்டும். வெறும் உலோகம் சாம்பலா மங்கிடும், தோல் இருக்கற இடம் மட்டும் மங்காம வெளுப்பா நிற்கும். பழைய காலத்துல பார்த்திருக்கேன்" என்றார். மேனேஜர் பரிசோதனை ஏட்டைப் புரட்டி, அப்படி ஒரு முறை இருப்பதாக ரெண்டு தடவை படித்து உறுதி செய்துகொண்டு தலையாட்டினார்.

மத்தியானம் முழுக்க அதுதான் வேலை. ஆசிட் அண்ணன் கூடையில் ஒவ்வொரு கையாக முக்கி எடுப்பார், தண்ணீரில் அலசுவார், ஜன்னல் வெளிச்சத்தில் நீட்டுவார். பல்லக்கா எண்ணை மறைத்துவைத்துக்கொண்டு பார்ப்பாள். முதல் கை, முழுக்கச் சாம்பல். ரெண்டாவது, சாம்பல். மூன்றாவது வெளியே வந்தபோது முண்டின் உள்வளைவில் தோடு மாதிரி ஒரு வெள்ளைத் திட்டு பளிச்சென்று நின்றது.

"இருக்கு!" என்றாள் பல்லக்கா.

மேனேஜர் எண்ணைத் திருப்பிப் பார்த்தார். "ஏழாவது மரம்."

அதற்கப்புறம் அந்த இடம் பந்தயத் திடல் மாதிரி ஆகிவிட்டது. கை வெளியே வந்ததும் பல்லக்கா "இருக்கு" அல்லது "இல்லை" என்பாள். மேனேஜர் எண்ணைப் படிப்பதற்கு முன்னால் நாத்தனார் மரத்தைச் சொல்லப் பார்ப்பாள். வழியில் போன நாலைந்து பேரும் நின்றுவிட்டார்கள். ஒவ்வொரு சாம்பலுக்கும் ஒரு பெருமூச்சு, ஒவ்வொரு வெள்ளைக்கும் ஒரு "ஐயோ!" கடைசியில் இருபத்துநாலு சுத்தம், பதினேழில் திட்டு. பதினேழும் அஞ்சு, ஆறு, ஏழாவது மரத்துக் கைகள். அந்த மூன்று மரத்தில் நல்லதாக ஒன்றுகூட இல்லை, மற்ற நாலில் கெட்டதாக ஒன்றுகூட இல்லை. எப்போதும் அவசரமே வராத மேனேஜர், "அக்கா!" என்று கத்திக்கொண்டே பேனாவைக் கீழே போட்டார்.

பதினேழையும் உருக்கிவிடலாமா என்று பேச்சு வந்தபோது பல்லக்கா ஒப்பவில்லை. "முண்டுல ரெண்டு முடிதான் சார் பாக்கி. மூணு முடி எடுத்துட்டா முடிஞ்சுது."

"மறுபடி தொட்டியில போட்டா காதும் சேர்ந்து கரையுமே. காது ஏற்கெனவே சரியான கனத்துல நிற்குது, ஒரு முடிகூட இழக்க முடியாது" என்றார் மேனேஜர்.

"காதுக்கு உறை மாட்டணும்" என்றார் ஆசிட் அண்ணன்.

"மெழுகு பூசினா?" என்றாள் நாத்தனார். எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். "என்ன பார்க்கறீங்க? மெழுகை உங்க ஆசிட் தொடாதுல்ல? உங்க ஆசிட் வாளிக்குள்ள அடியில என் மெழுகு சிந்தி ஒரு வருஷமா அப்படியே கிடக்குதே."

"சூட்டுல இளகிடுமே" என்றார் மேனேஜர்.

"அறுபது டிகிரி வரைக்கும் இளகாது."

"நான் தொட்டியை நாப்பதுல பிடிச்சு வச்சுக்கறேன்" என்றார் அண்ணன்.

வியாழக்கிழமை காலை அதைக் கழித்த கையின் மிச்சத்தில் பரீட்சை செய்தார்கள். காதை லேசாகச் சூடாக்கி நாத்தனார் தூரிகையால் மூன்று பூச்சு மெழுகு போட்டாள். ஒரு குமிழ் இல்லாமல், நகப்பூச்சு போடுகிற நேர்த்தியோடு. தொட்டிக்குள் இறக்கினதும் முண்டைச் சுற்றிப் பொலபொலவென்று குமிழி கிளம்பியது; காதுப் பக்கம் அமைதி. நேரம் முடிந்து எடுத்து, மெழுகை உருக்கி, அளந்து பார்த்தார்கள். காது இம்மியும் குறையவில்லை. முண்டில் மூணு முடி போயிருந்தது. பல்லக்கா அதை வெட்டி, பதித்து, தேய்த்து, துடைத்து, மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். இந்தத் தடவை பின்னால் மூன்று தலை நின்றது. அவள் வேண்டுமென்றே ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அண்ணி, சொல்லித் தொலைங்க!"

"பாய்தான்" என்றாள் பல்லக்கா. "கரை வரைக்கும் பாய்."

வெள்ளிக்கிழமை வந்த ஆய்வாளர் நரைத்த குட்டை முடியோடு ஒரு அம்மாள். பேச்சு குறைவு, ஆனால் பார்வை எதையும் விடாது. மேனேஜர் எதையும் மறைக்கவில்லை; படம், குழி வரிசை, பதினேழு எண், மெழுகுப் பரீட்சை எல்லாவற்றையும் மேசைமேல் பரப்பினார். அந்த அம்மாள் மைக்ராஸ்கோப்பில் குனிந்தவர் பத்து நிமிஷம் நிமிரவில்லை.

"யார் வெட்டினது?"

"நான்தான் மேடம்" என்றாள் பல்லக்கா.

"விதிப்படி குச்சியைப் பார்த்தா போதுமே. இதை எதுக்கு வெட்டினீங்க?"

"பர் கத்துச்சுங்க மேடம்."

அந்த அம்மாள் தன் பையைத் திறந்து, குறிப்பு எழுதத் தாளை எடுத்து, "எப்படிக் கத்தும்? கொஞ்சம் காட்டுங்க" என்றார்.

பல்லக்கா காட்டினாள். ஒரு நிமிஷத்தில் முடிய வேண்டியது ஒரு மணி நேரம் ஆனது. டென்டல் லேபும் பல்லுறையும், மழுங்கிய பர்களும், தோல் முடிகிற இடத்தில் சத்தம் மாறுவதும் என்று அவள் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனாள். ஒரு கட்டத்தில் அந்த அம்மாளே பர்ரை வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு கழிவுத் துண்டில் வைத்துப் பார்த்து, "ஆமா, மாறுது!" என்று குழந்தை மாதிரி சொன்னார்.

இருபத்துநாலை அன்றைக்கே வாங்கிக்கொண்டார். பதினேழையும் மெழுகு பூசிச் சரிசெய்து அனுப்பச் சொன்னார். அதில் தானே ஒன்றைப் பொறுக்கி, எந்திரத்தில் மாட்டி ஒரு லட்சம் தடவை பாரம் தூக்கவிட்டுப் பார்த்த பிறகுதான் மற்றதை ஏற்பேன் என்று கறாராகச் சொல்லிவிட்டார். விதித்தாளிலும் ஒரு வரி மாறியது. இனிமேல் சோதனைக் குச்சி ஓரத்தில் இல்லை. முஷ்டிக் கனத்தில், மரத்தின் நடுவில், முண்டுக்குப் பக்கத்தில். அந்தத் தடித்த குச்சியை முதன்முதலாக ஒட்டியபோது, "என் மரத்துக்கே தொப்பை போட்டுட்டீங்களே அண்ணி" என்று நாத்தனார் புலம்பினாள்.

ஐந்து வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பல்லக்காவின் போனுக்கு ஆய்வாளர் அம்மாளிடமிருந்து ஒரு வீடியோ வந்தது. வெறும் சுவர், இரும்புச் சட்டம், அதில் மாட்டியிருக்கும் கை, கீழே தொங்கும் மணல் மூட்டை. மூட்டை மேலே போகிறது, கீழே வருகிறது. மேலே, கீழே. மூலையில் ஒரு எண் ஓடிக்கொண்டிருந்தது: தொண்ணூற்றொன்பதாயிரத்துச் சொச்சம். பல்லக்கா சோபாவில் கால் மடக்கி உட்கார்ந்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள்.

வீட்டுக்காரர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "இதுல ஒண்ணுமே நடக்கலையே."

"அதைத்தாங்க பார்த்துட்டு இருக்கேன். பேசாம இருங்க."

அவரும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். எண் ஒரு லட்சத்தைத் தொட்டது. மூட்டை இன்னொரு தடவை மேலே போய், இறங்கி, நின்றது. யாரோ ஒரு கை சட்டகத்துக்குள் வந்து முண்டைத் துணியால் துடைத்து, கேமராவுக்குப் பக்கத்தில் காட்டியது. கீறல் இல்லை. பல்லக்கா வீட்டுக்காரரின் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள், சந்தோஷத்தில்தான். பிறகு நாத்தனாருக்குப் போன் போட்டாள். மறுமுனையில் எடுத்ததும் ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள்.